மூக்கி விஸ்கி

1989இல் கீழ்பென்னாத்தூரில் சரோஜா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூக்கி வீடு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். அவளுடைய அப்பா பரசுராமன் வேர்க்கடலை வியாபாரி. மூட்டையைப் பிரிக்கும் முன்பே பக்கத்தில் வந்து நின்று, "இதுல அடியில ஈரம்பா" என்பாள். கொட்டிப் பார்த்தால் பூஞ்சை பிடித்திருக்கும். விற்க வந்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பேர் அது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டாலே அழுவாள்.

வேதியியல் படித்து முடித்து, 1994இல் திண்டிவனம் சாலையில் புதிதாக வந்த விஸ்கி கம்பெனியில் சேர்ந்தாள். முதல் வாரமே, முதலாளி பெருமையாக நீட்டிய கிளாஸை முகர்ந்துவிட்டு, "சார், இந்தப் பீப்பாய்ல முன்னாடி ஊறுகாய் இருந்துச்சா?" என்றாள். விசாரித்தால், வினிகர் இருந்ததாம். அதற்குப் பிறகு அவள் மூக்கைத் தாண்டாமல் எந்தச் சரக்கும் வெளியே போகவில்லை. அங்கே பெட்டி கட்டும் தசரதன் கீழ்பென்னாத்தூர்க்காரர். சும்மா இருப்பாரா? அவள் சரியென்று சொன்ன பெட்டிகளில் சாக்பீஸால் 'மூக்கி' என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தார்.

1997இல் பலராமனைக் கட்டிக்கொண்டு வேங்கிக்கால் வந்தாள். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அம்மா சந்திரம்மாளிடம் மட்டும் மருந்து கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தான். அந்தம்மா தினமும் விடிந்ததும் மல்லிகை கட்டி வைப்பார். சரோஜா அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு பஸ் ஏறுவாள். மாமியார் ஒன்றும் கேட்கமாட்டார். முகம் மட்டும் சுண்டிப்போகும்.

2002இல் அவளே கூட்டிய கலவையைப் புது விஸ்கியாகக் கொண்டுவர முதலாளி தீர்மானித்தார்.

"பேரு மூக்கி. கடைக்காரங்களே அந்த மூக்கி சரக்கு குடுங்கன்னுதான் கேக்கறாங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டின்னா லேபிள் அடிச்சிடலாம்."

பேர் பாட்டிலில் ஏறினால் மாமியார் காதுக்கு வர ஒரு வாரம்கூட ஆகாது. வேண்டாம் என்றால், எட்டு வருஷ உழைப்புக்குப் பேர் சொல்ல ஒன்றும் இருக்காது.

அன்று சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் போறது மருந்து கம்பெனி இல்ல. விஸ்கி கம்பெனி."

கீரைத்தண்டு கையிலேயே நின்றது. "குடிப்பியா?"

"வாயில வச்சிப் பாத்துட்டுத் துப்பிடுவேன்."

"துப்பறதுக்கா மாசாமாசம் சம்பளம்?"

"மோந்து பாக்கறதுதான் ஜாஸ்தி அத்தை. அதனாலதான் பூ வெக்கறதில்ல. அந்த வாசம் ஏறிட்டா வேற எதுவும் தெரியாது."

"அடிப்பாவி! அஞ்சு வருஷமா நான் கட்டற பூ உனக்குப் புடிக்கலன்னு இல்ல நெனச்சினு இருந்தேன். வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"திட்டுவீங்கன்னுதான்..."

"திட்டத்தான் போறேன். மருந்துன்னு சொன்னானே, அவன் வரட்டும்."

பலராமன் வந்தான். அவனுக்குப் போட்ட காபி ஆறி ஏடு கட்டும்வரை வாங்கிக் கட்டிக்கொண்டான். அதன்பிறகுதான் லேபிள் பேச்சு வந்தது. மாமியாரே யோசனை சொன்னார்.

"வெறும் பேரப் போட்டா யாருக்குப் புரியும்? மூக்கு வரையச் சொல்லு. மூக்குத்தியோட. மூளி மூக்கா இருந்தா, மாமியார் வூட்ல ஒண்ணும் போடலன்னு ஊர்ல பேசுவாங்க."

மறுநாள் சரோஜா கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேலே ஒரு வரியும் எழுதினாள்: மூக்குத்தி இல்லாமல் லேபிள் அச்சடிக்கக் கூடாது.

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். "எத்தனை கல்லும்மா?"

"ஏழு சார். எங்க அத்தை சொல்லிட்டாங்க."