இடது கை வலி

ராகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கை சுளுக்கினால் யாரும் டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. அங்கே தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே தண்ணி மருந்துதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ராக்காயி இருக்கும்போது அது எதற்கு? கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு, எண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு இழுப்பாள். வலி போய்விடும். கத்துகிற ஆண்களைக் கேலி பண்ணாமல் அனுப்ப மாட்டாள். கவ்வாத்துக் காலத்தில், தேயிலைச் செடிகளை வெட்டித் தோள் வீங்கியவர்கள் அவள் வாசலில் காத்திருப்பார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கவ்வாத்தில் அவள் புருஷன் அழகுமுத்துவே பாதி வேலையில் இறங்கி வந்தார். இடது கை கனக்கிறது, தாடை வரைக்கும் இழுக்கிறது என்றார். பனி கொட்டுகிற நேரத்தில் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அவர் கத்தி பிடிப்பது வலது கையில். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கொஞ்ச நாளாக மேட்டில் ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று அவர் சொன்னதையும், வாய்வு என்று ராக்காயி ஓமத்தண்ணீர் கொடுத்து முடித்திருந்தாள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஆண்டியப்பன், தேயிலை ஸ்டோரில் லொறி நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்கவா என்றார்.

"சுளுக்குக்கு யாராச்சும் லொறி கேப்பாங்களா?" என்று சிரித்தாள் ராக்காயி.

எண்ணெயைச் சூடாக்கித் தோளிலிருந்து விரல் வரைக்கும் உருவினாள். குமட்டுகிறது என்றார். அவள் இஞ்சி தட்டிக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். அன்றோடு அவளுடைய கேலி நின்றது. என் கைதான் அவரைக் கொன்றது என்பாள். அதன்பிறகு யார் கையையும் தொடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆண்டியப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரே ஒரு இழுப்பு போதும் என்று கெஞ்சினார். ராக்காயிக்கு முகம் வெளுத்துப் போனது. அவரை உட்கார வைத்து, எழுந்து நடக்கவே கூடாது என்று அதட்டிவிட்டு ஸ்டோருக்கு ஓடினாள். புறப்பட்ட லொறியை மறித்து நின்றாள். தோட்டத்துத் துரையைக் கேட்காமல் முடியாது என்று டிரைவர் திட்டினான்.

"தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வந்து ஆள ஏத்து" என்றாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆண்டியப்பன் பிழைத்து வந்தார். நெஞ்சு அடைத்து, வலி கைக்கும் தாடைக்கும் ஓடி, உடம்பு வேர்த்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ராக்காயிக்காக இவர் ஒன்றைத் தனியாக விசாரித்தும் வந்திருந்தார்.

"நீங்க கைய உருவுனதால அண்ணே சாகலையாம், மதினி. கோளாறு நெஞ்சுலதானாம். வெரசா கொண்டுவந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாமாம்."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவி மனுஷன். ராக்காயி திருப்பிக் கேட்டாள்.

"அப்ப, நீ லொறி கேக்கவான்னப்ப நான் சரின்னு சொல்லியிருந்தா, அவரு இருந்திருப்பாருல்ல?"