போற மனுசன் போட்டு வரட்டும்

"…பின்னாலை நிண்டு கூப்பிடவும் கூடாது, எங்கை எண்டு கேக்கவும் கூடாது. போற மனுசன் போட்டு வரட்டும்" என்று சொல்லி அக்கா தன்னுடைய மகளின் கையைப் பிடித்து வாங்கிலில் இருத்திவிட்டா.

மகள் அப்போதுதான் எழும்பி, "அப்பா, வெயார் ஆர் யூ" என்று தொடங்கியிருந்தாள். மிச்சம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. விறகுக் கட்டுக்குள் இருந்து முதல் நாள் தெரிந்தெடுத்து வைத்த தடி ஒன்றை ஊன்றிக்கொண்டு, எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் மரங்களுக்குள்ளே போனார்.

அக்காவும் அண்ணையும் எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிற புருசன் பெண்சாதி. அவர்கள் வீட்டில் தண்ணீர் திறந்தால் எங்கள் வீட்டுச் சுவருக்குள் கேட்கும், அவ்வளவு நெருக்கம். கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நின்றபடி வேலை செய்த அண்ணை அந்த வசந்தத்தில்தான் ஓய்வெடுத்தார். ஒரே மகள் அதற்குப் பரிசாக, வடக்கே ஏரியும் காடுமாக இருக்கிற ஒரு பார்க்கில் மூன்று இரவுக்கு இடம் பிடித்து, என்னையும் என்ரை வீட்டுக்காரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள்.

"சொந்தக் கட்டிலை விட்டிட்டு நிலத்திலை படுக்க இவ்வளவு தூரம் ஓடவேணுமோ" என்று அக்கா வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தா. ஆனால் சாமான் கட்டினது அவதான். இடியப்பம், சம்பல், ஆட்டிறைச்சிக் கறி, றோல்ஸ், பொரிக்கிறதுக்கு மீன், மீன் பொரிக்கிறதுக்கு வீட்டுத் தாச்சி. "உரலும் உலக்கையும்தான் மிச்சம்" என்று என்ரை வீட்டுக்காரர் சொல்ல, "அது காருக்குள்ளை கொள்ளாது, அதாலை விட்டனான்" என்றா.

அக்காவுடைய சொல்லுகள் எனக்குப் பிடிக்கும். நான் பெரிதாகப் படித்தவளில்லை. எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் ஆக்களின் வாயில் இருந்து பொறுக்கியது. அதில் பாதி அக்காவின் வாய்.

வெளிக்கிட்டவரிடம் எங்கை என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் ஆக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத விசயம். கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறியவேண்டுமென்றால் "தூரவோ?" என்று கேட்கலாம். அன்று காலையும் அக்கா அடுப்படியில் நின்றபடி "தூரவோ?" என்றுதான் கேட்டா. "இல்லை, உதிலை" என்றார் அண்ணை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அந்த வீட்டில் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்தான். ஸ்காபரோவில் அது போதும். உதிலை என்றால் பக்கத்தில் இருக்கிற கோயில், இல்லாவிட்டால் தமிழ்க் கடை, இல்லாவிட்டால் மோல். அண்ணை ஒவ்வொரு காலையும் கடைகள் திறக்கமுன்னம் மோலுக்குள் நடக்கிறவர். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் அதே கோப்பிக் கடைக்கு முன்னால்தான் வந்து நிற்கும் அந்த நடை.

"அம்மா, அப்பா போனைக் காருக்குள்ளை சார்ஜிலை விட்டிட்டுப் போறார். அதைத்தான் சொல்ல எழும்பினனான்" என்றாள் மகள்.

"காட்டுக்குள்ளை ஆர் அவருக்குப் போன் எடுக்கப்போகினம்? கரடியோ?"

"திஸ் இஸ் ஸோ வியர்ட், அம்மா."

"வியர்ட்டோ கியர்ட்டோ, உன்ரை கொப்பர் இவ்வளவு காலமும் வேலைக்குப் போட்டுத் திரும்பி வந்தது இப்பிடித்தான்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு இப்பவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மீன் பொரித்து முடிந்தது. அண்ணையின் வயிறு மணிக்கூடு மாதிரி. பசி நேரத்துக்கு அவர் வராத நாளை நான் கண்டதில்லை. "எங்கையோ வெள்ளைக்காரனோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறார்போலை" என்றார் என்ரை வீட்டுக்காரர். "அவர் தமிழரோடையே கதைக்கிறேல்லை" என்றா அக்கா. பொரியலை மூடி வைத்தா. பிறகு திறந்து பார்த்தா. பிறகும் மூடினா. யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. அப்போதுதான் மகள் கூடாரத்துக்குள் இருந்து மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். காலை மாத்திரை போட்டிருந்தார். அண்ணைக்குச் சீனி வருத்தம். மாத்திரைக்கு மேலே அவர் எடுத்தது ஒரு பிளேன் ரீயும் இரண்டு விசுக்கோத்தும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் அவருக்குக் கை நடுங்கி, வேர்த்து, கண் இருண்டு வரும். ஒருமுறை லிப்ட்டுக்குள் அப்படி வந்து, நான்தான் பிடித்து இருத்தினேன்.

கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பலகை நிற்கிறது. முதல் நாள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தோமே தவிர, ஒருத்தரும் வாசிக்கவில்லை. அன்றுதான் வாசித்தோம். அந்த இடத்தில் இருந்து மூன்று பாதை பிரிகிறது. ஒன்று ஏரியைச் சுற்றி, ஒன்று சேற்று நிலத்துக்கு, ஒன்று மலைப்பாறைக்கு. மரத்துக்கு மரம் நிறம் பூசி அடையாளம் வைத்திருக்கிறார்கள். அண்ணை எந்த நிறத்தோடு போனார் என்று எங்களுக்குத் தெரியாது. நாலு பேர் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் போனார்.

என்ரை வீட்டுக்காரர் ஏரிப் பாதையில் போனார். கன நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். அவரைப் பார்க்கமுன்னம் எல்லோரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் பார்த்தோம். ஒருத்தரும் இல்லை.

அந்த இடத்தில் போன் வேலை செய்யாது. மகள் காரை எடுத்துக்கொண்டு வாசல் கந்தோருக்குப் போய், ஒரு பார்க் அலுவலரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னப் பெட்டை, மகளின் வயதுதான் இருக்கும். வந்தவுடன் அக்காவுக்கு நேரே குந்தி இருந்து, ஆறுதலாகக் கேட்டாள். அவர் எந்தப் பாதையில் போவதாகச் சொன்னார்?

மகள் தமிழில் கேட்டாள். அக்கா நிலத்தைப் பார்த்தபடி, "உதிலை எண்டவர்" என்றா.

மகள் அதை இங்கிலீசில் என்ன சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் கதைகாரி. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் என்னைத்தான் கதைக்க விடுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த நேரம் எனக்கு வாய் இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

"நீங்கள் கேட்கவில்லையா?" என்று அந்தப் பெட்டை கேட்டாள். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. உண்மையாகவே விளங்கவில்லை அவளுக்கு. மகள் ஏதோ சொன்னாள். எங்கள் பழக்கம், சகுனம், அப்படி இப்படி என்று. அந்தப் பெட்டை தலையாட்டினாள். அவள் தலையாட்டினது எனக்கு வெட்கமாக இருந்தது.

என்ன நிற ஜாக்கெட் என்று அடுத்த கேள்வி. அக்கா சாம்பல் என்றா. மகள் நீலம் என்றாள். ஜாக்கெட்டே போடவில்லை என்றார் என்ரை வீட்டுக்காரர். எனக்குத் தடி மட்டும்தான் ஞாபகம்.

அவள் வோக்கி-டோக்கியில் கதைக்கத் தொடங்கினாள். கதைக்கும்போது மிஸ்ஸிங் என்ற சொல் வந்தது. அக்காவுக்கு இங்கிலீசு மட்டுமட்டு. ஆனால் அந்தச் சொல் அவவுக்குத் தெரியும். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, படத்தோடு பிடித்துக்கொண்டு வீதியில் நின்ற தாய்மாரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் தமையன் ஒருத்தரும் ஊரில் சண்டைக் காலத்தில் அப்படிப் போனவர்தான்.

"காணாமல் போகேல்லை எண்டு சொல்லு" என்று மகளிடம் சொன்னா. "பிந்துது எண்டு சொல்லு."

மகள் சொல்லவில்லை.

"சொல்லு பிள்ளை."

மகள் சொன்னாள். அந்தப் பெட்டை அக்காவின் முழங்காலில் கை வைத்து, ஓம், பிந்துகிறார், நாங்கள் போய்ப் பார்க்கிறோம் என்றாள். பிறகு, நீங்கள் ஒருத்தரும் காட்டுக்குள் போகவேண்டாம், உங்களையும் சேர்த்துத் தேட எங்களுக்கு ஆள் காணாது, அவர் திரும்பி வந்தால் இங்கே ஆள் இருக்கவேண்டும் என்றாள். நியாயமான சொல்லுத்தான். ஆனால் ஒரு மனுசியை வாங்கிலில் இருத்திவிட்டு, இருந்துகொண்டே இரு என்பதைப்போல ஒரு வேலை உலகத்தில் இல்லை.

ஏரி அசையாமல் கிடந்தது. அவ்வளவு வடிவு. அவ்வளவு வடிவாக இருந்ததுதான் எனக்குக் கோபம். அண்ணைக்கு நீந்தத் தெரியாது என்பதை எல்லோரும் நினைத்துக்கொண்டு, ஒருத்தரும் சொல்லாமல் இருந்தோம். தூரத்தில் தேடுகிறவர்கள் அண்ணையின் பேரைக் கூப்பிடுவது கேட்டது. நாலெழுத்துப் பேரை வளைத்து நெளித்து, ஆரோ வேறொரு மனுசனைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

அக்கா எழும்பித் தண்ணீர்க் கரைக்குப் போனா. கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தா. ஒருநாளும் அவ அவருடைய பேரைச் சொன்னதில்லை. கந்தோர்களில் கேட்டால்கூட அடையாள அட்டையை எடுத்து நீட்டுவா.

"இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டா.

குசினியில் இருந்து முன்னறைக்குக் கூப்பிடுகிற அளவுதான் வந்தது சத்தம். பிறகு இன்னும் உரத்து, "இஞ்சேருங்கோ". தண்ணீருக்கு மேலால் அது போய், எங்கேயோ பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. பதில் வந்ததாக நினைத்து அக்கா ஒரு அடி முன்னுக்கு வைத்தா. கால் நனைந்தது. தன்னுடைய குரல்தான் என்று விளங்கினதும் அப்படியே நின்றா. நான் பக்கத்தில் போய் நின்றேன். வேறு என்ன செய்ய?

பக்கத்து இடத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரச் சோடி வந்தது. கிழவர் தேடப் போனவர்களோடு சேர்ந்துகொண்டார். மனுசி என்ன செய்வதென்று தெரியாமல், அந்த வெயிலில் ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து அக்காவின் தோளில் போட்டா. அக்கா அதை எடுக்கவில்லை. வேர்க்க வேர்க்கப் போர்த்தபடி இருந்தா. கொஞ்ச நேரத்தால் என்னிடம், "வந்த மனுசி சும்மா நிக்குது. மீன் குடு" என்றா. நான் குடுத்தேன். அந்த மனுசி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடுவதோ விடுவதோ என்று தெரியாமல் நின்றா. பிறகு சாப்பிட்டா. உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை. அழுகிற ஆள் அவ ஒருத்திதான் அங்கே.

"நான் கேக்கத்தான் வெளிக்கிட்டனான்" என்றாள் மகள். தாயைப் பார்க்காமல் சொன்னாள். அக்கா போர்வையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டா. நான் ஏதாவது சொல்லி அதை மூடவேண்டும். என்னிடம் எந்த நேரத்துக்கும் ஒரு சொல்லு இருக்கும். அந்த நேரம் எண்ணெய்த் தாச்சியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழுவினேன்.

வெயில் சரிந்து, மரங்களின் நிழல் மேசைக்கு வந்த பிறகு, ஏரியின் அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கனூ வள்ளம் வந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு பெடியனும் பெட்டையும். நடுவில், செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டு, தடியை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் வாகனத்தில் சாமி வருவதுபோல ஆடாமல் அசையாமல் அண்ணை.

சேற்றுநிலப் பாதையில் போயிருக்கிறார். அணிற்பிள்ளை ஒன்றைப் பார்த்துக்கொண்டு போனதில் மரத்து நிறம் தவறிவிட்டது. மோல் மாதிரி, நடந்தால் சுற்றி வந்து சேரும் என்று நடந்துகொண்டே இருந்தாராம். ஏரியின் மறு கரையில் கை நடுங்கத் தொடங்கவே ஒரு பாறையில் இருந்துவிட்டார். கனூவில் போன பிள்ளைகள் கண்டு, தங்களிடம் இருந்த சொக்லேற்றைக் குடுத்து ஏற்றி வந்திருக்கிறார்கள்.

கரையில் கால் வைத்ததும் அண்ணை கேட்டது, "சாப்பிட்டிட்டியளோ?"

மகள் உடைந்துபோனாள். இங்கிலீசில் கத்தினாள். இப்படிச் சொல்லாமல் போகலாமோ, எங்கை போறன் என்று ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ என்று. அண்ணை ஒரு குழந்தையைப்போல முழித்தார். "உதிலைதானே போனனான்" என்றார்.

அக்கா ஏசவில்லை. இடியப்பத்தைப் பிய்த்துக் குழைத்து, சாப்பாட்டுக் கோப்பையை அவருடைய கையில் குடுத்தா. அவருடைய கை நடுங்கினதால் திரும்ப வாங்கித் தானே பிடித்துக்கொண்டா. அப்பவும் கோப்பைக்குள் கரண்டி கிலுங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் வெளிக்கிட்டு வீட்டை போவோம் என்று நான் சொன்னேன். அக்கா மிச்ச இடியப்பத்தைக் காலைக்கு என்று மூடி வைத்தா.

விடிந்தது. அக்கா அடுப்பில் ரீக்குத் தண்ணீர் வைத்திருந்தா. அண்ணை மாத்திரையைப் போட்டு, இரண்டு இடியப்பம் சாப்பிட்டு, கையைக் கழுவினார். பிறகு, மேசைக் காலில் சாத்தி இருந்த தடியை எடுத்தார்.

என்ரை வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் பாதி எழும்பிவிட்டாள், வாய் திறந்தபடி. அக்கா கையை உயர்த்தினா.

"தூரவோ?" என்று அவரைக் கேட்டா.

"இல்லை, உதிலை" என்றார் அண்ணை. நடந்தார்.

"அம்மா, சீரியஸ்லி?"

"நேற்றுச் சொன்னதுதான் இண்டைக்கும்" என்றா அக்கா. "பின்னாலை நிண்டு கூப்பிடவும் கூடாது, எங்கை எண்டு கேக்கவும் கூடாது."

சொல்லிவிட்டு அடுப்பை நிற்பாட்டினா. மூன்று றோல்ஸை ஒரு கடைப் பைக்குள் போட்டு முடிந்தா. தன்னுடைய செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மகளின் ஓட்டச் சப்பாத்துக்குள் காலை நுழைத்து, குதியைக்கூட இழுத்துவிடாமல், அவர் போன நிறத்தைப் பார்த்துப் பின்னாலே நடந்தா.