மல்லாட்டை வராத நிலம்

திண்டிவனம் பக்கம் எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ரோட்டோரத் துண்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அமோகமாக விளையும். என் அப்பா சீதனமாகக் கொடுத்த களிமண் நிலத்திலோ, செடியைப் பிடுங்கினால் காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். "உங்கப்பன் குடுத்த சேறு" என்று என் கணவர் கேலி செய்வார்.

போன வருடம் மீன்குட்டை வெட்ட, ரோட்டோரத் துண்டில் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மல்லாட்டை சுலபமாகப் பிடுங்க வருகிற பொலபொல மண்ணில் தண்ணீர் நிற்குமா?

சின்னக் குழி தோண்டி ஒரு குடம் ஊற்றினேன். டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் குழி வற்றிவிட்டது.

"இன்னாங்க, இதுலயா மீன் வளக்கப் போறீங்க?" என்றேன்.

களிமண் நிலத்திலும் அப்படியே செய்தேன். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றது. அவர் ஜேசிபியை அங்கே திருப்பச் சொன்னார்.

இன்று அந்தக் குட்டையில் கட்லா துள்ளுகிறது. குட்டை வெட்ட நினைக்கும் அக்கம்பக்கத்தார் இப்போது முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். குடமும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடுவேன். கூடவே வரும் என் கணவர், நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொள்வார்:

"மல்லாட்டை வெளையிற எடம் வேணாங்க. எங்க மாமனார் குடுத்தாரே, அந்த மாதிரி நெலம் இருந்தா காட்டுங்க!"