பனரில் மிஞ்சிய நான்கு விரல்கள்

குறிஞ்சாக்கேணியில் ஓர் ஆட்டுக்கொட்டில் இருக்கிறது. போன கிழமை வரை, குனிந்து உள்ளே நுழைந்து, ஓரமாக நின்று அண்ணாந்து பார்த்தால், கூரையாகப் போட்ட பழைய விளம்பரப் பனரில் ஒரு பெரிய மனிதர் வெள்ளைச் சேட்டோடு சிரித்துக்கொண்டிருப்பார். முகம் மட்டுமே ஒரு மேசையளவு. அந்தச் சேட்டின் ஓரத்தில், பச்சை ஜேர்சி போட்ட ஒரு பிள்ளையின் தோளில் நான்கு விரல்கள் இருக்கும். கை இல்லை, விரல்கள் மட்டும். சுண்டுவிரல் மற்ற மூன்றோடும் சேராமல் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். அவை யாருடைய விரல்கள் என்று கேட்டு ஒரு காலத்தில் ஊரே கொந்தளித்தது. பிறகு ஆடுகள் மட்டும்தான் அவற்றைப் பார்த்தன. அங்கே போகும்போதெல்லாம் நானும் பார்ப்பேன், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வயது போனால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த விரல்களுக்குச் சொந்தக்காரியை நான் மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். கிண்ணியாவில் ஒரே பாடசாலையில் இருவரும் தொண்டர் ஆசிரியைகளாக இருந்தோம். தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. என்றாவது ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் வேலை செய்ய வேண்டும். நான் கணிதம் படிப்பித்தேன். அவர் வரலாறு படிப்பிக்க வந்தவர், விளையாட்டு அவருடைய பாடமே இல்லை. ஆனால் பாடசாலையின் பின்பக்கத்தில் துருப்பிடித்துச் சரிந்து கிடந்த வலைப்பந்துக் கம்பத்தை நிமிர்த்தி நடுவித்தவர் அவர்தான். வீடுவீடாகப் போய், பெண்பிள்ளைகளின் உம்மாமாரோடு குசினி அடுப்படியில் குந்தியிருந்து கதைத்து, நீளக் கைச் சேட்டும் காற்சட்டையும் தலைமறைப்புமாக ஓர் அணியைச் சேர்த்தார். பந்து பிடிக்கும் விதத்தைச் செய்து காட்டிய ஒரு பின்னேரம் சுண்டுவிரல் முறிந்தது. அடுத்த நாளே விசிலோடு மைதானத்தில் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "போட்டி முடியட்டும் மிஸ், விரல் எங்கயும் ஓடாது" என்றார். ஓடவில்லைதான், ஆனால் வளைந்துபோயிற்று.

என்னிடம் அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து அலுத்து, பாலத்துக்கு அப்பால் நகரத்தில், ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பனர் அச்சடிக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் மேல்மாடி யன்னலால் பார்த்தால் உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் கணினித் திரையைத்தான். படம் திருத்தும் மென்பொருளை அங்கேதான் கற்றேன். கற்றதில் பாதி கிரேடியன்ட். ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள், அல்லது ஒரு படம் இன்னொரு படத்துக்குள், எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கரைந்துபோவதற்குப் பெயர் அது. பொங்கல் வாழ்த்துக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்குச் சுட்டியால் நேராக ஓர் இழுப்பு. மரண அறிவித்தலுக்கு நீலத்திலிருந்து வெள்ளைக்கு, கீழிருந்து மேலாக. பெரிய மனிதர்களின் தலைக்குப் பின்னால் வட்டமாக ஒன்று; அது போட்டால் எந்தத் தலைக்கும் ஒளிவட்டம் வந்துவிடும், அதற்குத் தகுதி ஒன்றும் தேவையில்லை. வட்டத்தின் நடுவில் நிற்பவர் பளிச்சென்று தெரிவார், ஓரத்தில் நிற்பவர் இருண்டுபோவார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த விஷயம் பிடிக்கவில்லை. யார் நடுவில் நிற்கிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. இழுக்கிறவருக்குத் தெரியும்.

நான் கடைக்குப் போன பிறகுதான் மிஸ்ஸின் பிள்ளைகள் மாகாணப் போட்டியில் வென்றார்கள். செய்தி கேட்டு நான் கடையில் கத்தியே விட்டேன். அன்று மைதானத்தில் ஒரு படப்பிடிப்பாளர் எடுத்த படம் ஒன்று இருந்தது. இரண்டு வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் கிண்ணம். வலது கரையில் மிஸ் நிற்கிறார். பக்கத்தில் நின்ற கோல் கீப்பர் பிள்ளையின் தோளில் கையை வைத்திருக்கிறார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். அவருடைய எல்லாப் படங்களையும்விட எனக்குப் பிடித்த படம் அது.

அந்தப் படம் இரண்டாம் நாளே எங்கள் கடைக்கு வந்தது, ஆனால் மிஸ்ஸுக்காக வரவில்லை. ஊரில் செல்வாக்கான ஓர் அரசியல்வாதி பிள்ளைகளுக்கு வரவேற்பு வைக்கப் போகிறார், அதற்குப் பனர் அடிக்க வேண்டும் என்று அவருடைய இணைப்பாளர் பென் டிரைவோடு வந்தார். வலைப்பந்துக் கம்பத்தின் உயரம்கூட அந்த அரசியல்வாதிக்குத் தெரியாது. பெரிய இடத்து வேலை என்பதால் முதலாளியே கணினிக்கு முன்னால் குந்தினார். வலது பக்கம், ஐயா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அரசியல்வாதியின் பெரிய படம், இடது பக்கம் அணி. நடுவில் வெட்டுத் தெரியக் கூடாது, ஐயாவின் வெள்ளைச் சேட்டு பிள்ளைகளுக்குள் கரைந்து போக வேண்டும். முதலாளி கிரேடியன்ட்டை எடுத்தார். கோல் கீப்பரின் தோளில் தொடங்கி வலதுபக்கமாக ஒரே இழுப்பு. என் கண்முன்னால் மிஸ் புகை மாதிரி மங்கிக் காணாமல் போனார்.

"அதில மிஸ் நிக்கிறா" என்றேன்.

இணைப்பாளர் திரையைப் பார்த்தார். "ஓரத்திலதானே நிக்கிறா, மங்கட்டும்" என்றார்.

நான் விடவில்லை. ஐயாவின் படத்தின் விளிம்பை மட்டும் வட்டமாக மங்கவைத்தால் அவரும் தெரிவார், மிஸ்ஸும் தெரிவார் என்றேன். ஐயாவின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் நேர் இழுப்பே போதும் என்றேன். என்னுடைய கணினியில் இரண்டு விதமாகவும் செய்து காட்டினேன். சின்னதாக்க வேண்டும் என்ற சொல்லைக் கேட்டதுமே இணைப்பாளரின் முகம் கறுத்தது. முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். பனர் அப்படியே அச்சுக்குப் போனது.

அவசரத்தில் ஒன்றை இருவருமே கவனிக்கவில்லை. மங்கல் தொடங்கியது தோளுக்கு அப்பால்தான். மிஸ்ஸின் முகமும் உடம்பும் கையும் மறைந்தன, தோளுக்கு மேலே இருந்த விரல்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அவை இப்போது ஐயாவின் சேட்டிலிருந்து முளைத்தவை போல் இருந்தன. பனரைச் சந்தியில் கட்டிய அன்றைக்கே ஊரின் எல்லாக் கைபேசிகளிலும் அதுதான் கதை: பெரிய மனிதர் குமர்ப்பிள்ளையின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார்!

அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளையின் வாப்பா கடைப்படி ஏறி வந்தார். குறிஞ்சாக்கேணியில் மீன்பிடிக்கிற மனிதர், சாரனை மடித்துக் கட்டியிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. முதலாளி கதிரையை இழுத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை.

"என்ட புள்ளைட தோளில இரிக்கிறது ஆர்ர கை?"

நான்தான் அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னேன். "காக்கா, அது மிஸ்ட கை. நெளிஞ்ச சுண்டுவிரலப் பாருங்க." பென் டிரைவில் வந்த அசல் படத்தையும் திறந்து காட்டினேன்.

அவர் திரைக்குக் கிட்ட வந்து நிறைய நேரம் பார்த்தார். "மிஸ்ட கையெண்டா இரிக்கட்டும். அது இரிக்கவேண்டிய கைதான்" என்றார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, "அப்ப மிஸ் எங்க?" என்று கேட்டார்.

இவ்வளவு நேரான கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். இனி வேறு வழியில்லை, மிஸ்ஸைத் திரும்பக் கொண்டுவரத்தான் வேண்டும் என்று நினைத்தேன். கொண்டுவருவதும் ஒரு பெரிய வேலை இல்லை. இப்படி மங்கச் செய்கிற கிரேடியன்ட் எதையும் அழிப்பதில்லை, மேலே ஒரு திரையைப் போட்டு மறைக்கத்தான் செய்கிறது. அந்தத் திரையை நிறுத்த ஒரு சொடுக்குப் போதும். மிஸ் அந்தக் கோப்புக்குள்ளேயே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி இணைப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கமிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது.

"அந்தக் கையையும் எடுங்க."

எடுத்தார்கள். சேட்டின் வெள்ளையைக் கொஞ்சம், ஜேர்சியின் பச்சையைக் கொஞ்சம் பிரதி எடுத்து, விரல் விரலாகப் பூசி மறைத்தார்கள். மங்கச் செய்ததையாவது கவனக்குறைவு என்று சொல்லலாம். இது அப்படியில்லை. அங்கே ஒரு மனுஷி நிற்கிறாள் என்று தெரிந்து, ஊரில் ஒரு தகப்பன் வந்து கேட்ட பிறகு, அவளிடம் மிச்சமிருந்த நான்கு விரலையும் எடுத்தார்கள். நான் முதலாளியோடு வாய்க்கு வந்தபடி சண்டை பிடித்தேன். "பனர் ஐயாடது, காசு ஐயாடது, உங்களுக்கென்ன?" என்றார் அவர். எனக்கென்னவா? இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

புதிய பனரோடு வரவேற்பு நடந்தது. மாலைகள் யாருக்கு விழுந்தன என்று சொல்லத் தேவையில்லை. மிஸ் பின்வரிசைக் கதிரையில் இருந்து கைதட்டினார். கழற்றிய பழைய பனரைப் பாடசாலைக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பனரை யாரும் எறிவதில்லை, விறகையோ தோணியையோ மூட உதவும். மிஸ் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டார். வெயில் படக்கூடாது என்று அச்சுப் பக்கத்தை உள்ளே திருப்பியிருந்தார். "ஐயா என்ட ஆடுகளப் பாத்துக்கொண்டு இரிக்கட்டும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகுதான் நேர்முகத் தேர்வு வந்தது. தொண்டர் ஆசிரியர்களில் சிலருக்கு நியமனம் கொடுக்கப்போகிறார்கள், பாடத்துக்கு வெளியே செய்த சேவைக்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பழைய அதிபர் மாறிப் போய்விட்டார். வெற்றிச் சான்றிதழில் பாடசாலையின் பெயர் மட்டும்தான் இருந்தது. மிஸ்ஸுக்கென்று இருந்தது அந்த அசல் படம் ஒன்றுதான். நானே நல்ல தாளில் பெரிதாக அடித்துக் கொடுத்தேன். தேர்வு முடிந்து, கறுப்பு அபாயாவில் பஸ் புழுதியோடு நேரே கடைக்கு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வரவேற்பு நாளில் எடுத்த பனர்ப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம். இதில் நீங்கள் இல்லையே, அதில் மட்டும் எப்படி வந்தீர்கள் என்று கேட்டாராம். படம் எங்கே அடித்தது என்று கேட்டதற்கு இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார், சினேகிதி வேலை செய்கிற கடையில் என்று. "இப்பெல்லாம் கொம்பியூட்டரில ஆரையும் சேக்கலாம்தானே" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்களாம்.

பொய்ப் படம் சந்தியில் நின்றது, அதை எல்லோரும் நம்பினார்கள். உண்மைப் படம் நான் அடித்ததால் பொய்யாகிவிட்டது. கணினிக் கோப்போடு நானே வந்து காட்டுகிறேன், இப்போதே போவோம் என்று எழும்பினேன். மிஸ் என் கையைப் பிடித்து இருத்தினார். "ஏலாது மிஸ். நான்தான் நான் எண்டு எத்தின பேரிட்டப் போய்ச் சொல்லுற?" என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன்.

நியமனம் வரவில்லை. அவரோ பாடசாலைக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்தக் கோல் கீப்பர் கலியாணம் முடித்துப் புல்மோட்டையில் இருக்கிறாள். பிறகு வந்த பிள்ளைகளுக்கும் அதே கம்பத்தடியில் அதே விசில்தான். நானும் அதே கடையில் அதே கருவியை இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம்: இப்போது எந்தக் கூட்டப் படம் வந்தாலும் முதலில் ஓரத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்பேன். வாடிக்கையாளர்களுக்கு அது எரிச்சல். எரியட்டும்.

போன கிழமை மிஸ் தொலைபேசி எடுத்தார். இன்னொரு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வயதெல்லை காரணமாக இதுதான் அவருக்குக் கடைசி. "அந்தப் படத்தத் திரும்ப ஒருக்கா அடிச்சித் தருவீங்களா மிஸ்?" என்று கேட்டார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பாலம் தாண்டி வீட்டுக்கே போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் நான் பழக்கதோஷத்தில் கொட்டிலுக்குள் குனிந்தேன். பெரிய மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு விரல்களும் இருந்த இடத்தில் இருந்தன. எவ்வளவு காலமாக அண்ணாந்து பார்த்து வெறுமனே கோபப்பட்டிருக்கிறேன்! இது நான் அடித்ததல்ல. அவர்களே காசு கொடுத்து அடித்து, அவர்களே சந்தியில் கட்டியது.

"மிஸ், கத்தியக் கொண்டாங்க."

"என்னத்துக்கு?"

"நான் படம் அடிச்சா நான் சேத்ததெண்டுதான் சொல்லுவாங்க. இத வெட்டிக் கொண்டு போங்க."

தேத்தண்ணிக் கோப்பையோடு கொட்டில் வாசலில் நின்று அண்ணாந்து விரல்களைப் பார்த்தார். பிறகு, "மழை வந்தா ஆடுகளுக்கு என்ன செய்ற?" என்றார்.

"நாளைக்கே வேற பனர் கொண்டுவாறன். எங்கட கடையில பெரிய மனிசர்ர முகத்துக்கா பஞ்சம்?"

அன்றைக்குத்தான் நானும் சிரித்தேன். பிள்ளையின் தோள், விரல்கள், சேட்டின் ஓரம், கீழே வாழ்த்துச் சொன்னவரின் பெயர் எல்லாம் வரும்படி பெரிய துண்டாக வெட்டினோம். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் ஆட்டு வாசம் முழுதாகப் போகவில்லை. காயப் போட்டிருந்தபோது மிஸ் பக்கத்தில் குந்தித் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பனரில் உள்ள விரல்கள் அவருடையதைவிட இரண்டு மடங்கு பெரியவை. ஆனால் சுண்டுவிரல் வளைந்த விதம் ஒன்றுதான்.

வருகிற கிழமை தேர்வு. இது யாருடைய கை என்று கட்டாயம் கேட்பார்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம் மிஸ், உங்கள் கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பப் போகிறேன்.