பந்திக்கு ஆகாத ஆட்டக்காரன்

ஹெஸ்டர் தெருவில் கோட்டுகளுக்கு இஸ்திரி போடும் யாங்கெல் லப்பிடஸின் மகன் ஹெர்ஷல், நியூயார்க்கின் ஒரு கல்லூரிக்காக மூன்று பனிக்காலம் கூடைப்பந்து ஆடினான். யூதரின் ஓய்வுநாளான சனிக்கிழமை கழியும்வரை பந்தைத் தொடான். வானில் விண்மீன்கள் தெரிந்து அந்நாள் முடிந்ததும் ஓடிவந்து ஆடி வெல்வான். நான்காம் ஆண்டில் அணித்தலைவன் அவனே எனத் தோழர் அனைவரும் சொல்லிவந்தனர். யூதப் பிள்ளை எவனுக்கும் அதுவரை கிட்டாத அப்பெயருக்காக அவன் உள்ளம் ஏங்கிக் கிடந்தது.

தலைவனை ஆண்டுவிருந்தில் கைதூக்கித் தேர்வார்கள். வராதவனை முன்மொழிய இயலாது. எந்நாளும் கல்லூரிக் கூடத்தில் நடந்த விருந்தை, அணிப்பொறுப்பாளர் பேராசிரியர் விட்மோர், யூதரை உள்ளே விடாத மன்றமொன்றுக்கு அவ்வாண்டு மாற்றினார். அறியாமலா செய்தார்?

“உங்க ஆளுங்களுக்கு இங்க இடமில்ல, தம்பி,” என்று வாயிற்காவலன் மறித்தான். ஹெர்ஷல் தெருவிலேயே நின்றான். விருந்து முடிந்து முதலில் வெளிவந்தவன் தோழன் நெட் கால்டுவெல்.

“டேய் ஹெர்ஷ், கோவிச்சுக்காதடா. என்னையத் தலைவனாப் போட்டுட்டாங்க. நான் ஒண்ணும் கேக்கல.”

“வேண்டாம்னும் சொல்லல, இல்ல?”

நெட்டின் உதட்டோரத்தில் குழம்பு ஒட்டியிருந்தது.

எதிரியின் முழங்கைக்கு விலாவைக் கொடுக்க ஆகிறவன், பந்தியில் உடனமர ஆகாதவனோ! வியர்வைக்கு வாசல் திறந்து சோற்றுக்குக் கதவடைப்பது எந்நாட்டு அறம்?

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் சமநிலையில் முடியும் தறுவாயில், எதிரணி பிழைசெய்ய, இவர்களுக்கு யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் தனி எறி கிடைத்தது. அந்நாளில் ஓர் அணியின் தனி எறிகளையெல்லாம் ஒருவனே எறிவது வழக்கம். இவ்வணியில் அவன் ஹெர்ஷல். அவனோ பந்தை நெட்டின் கையில் வைத்தான்.

“தலைவரே, நீங்களே எறியுங்க.”

“விளையாடாதடா! தோத்துருவோம்.”

“அன்னிக்கு உனக்குக் கை தூக்கினவங்கள்லாம் இங்கதானே நிக்கிறாங்க? அவங்களையாவது கூப்பிடு.”

நெட் எறிந்தான், பந்து வளையத்தைக்கூடத் தீண்டவில்லை. அடுத்த கணமே எதிரணி கூடையிட்டு வென்றது.

ஒழுக்கக்கேடு என்று சொல்லி விட்மோர் ஹெர்ஷலை அன்றே அணியிலிருந்து நீக்கினார். ஒழுக்கமாம்! அச்சொல்லை உச்சரிக்க அந்த நாவுக்குக் கூச்சமே இல்லை.

“தோக்கணும்னே குடுத்தியாடா?” என்று இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார் யாங்கெல்.

“இல்லப்பா. தலைவன்னா என்னன்னு அவனும் கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டும்னு.”

“அந்தப் பட்டம் இனிமே உனக்குக் கெடைக்காதேடா.”

“எப்பவும் குடுத்திருக்க மாட்டாங்கப்பா. மூணு வருஷம் அது தெரியாம ஓடியிருக்கேன்.”

மறுவாரமே நடனக்கூடங்களில் கூலிக்குக் கூடைப்பந்து ஆடும் அணியொன்றில் சேர்ந்தான். கல்லூரி அப்பருவம் முழுதும் தனி எறிக்கு ஆள் தேடி அலைந்தது.