எண் தெரியாத படகும் என் பழைய கேமராவும்

பெர்கன் நகரத்துக் கேமராக் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்விக்கே தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். "எதைப் படம் எடுப்பீர்கள்?" என்று நார்வே மொழியில் கேட்டார் கடைக்காரர். என் வீட்டை, என் ஊரை என்று சொல்ல நினைத்து, "ஹூஸ்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஓர் அறையின் நான்கு மூலைகளையும் ஒரே படத்துக்குள் அடக்கும் லென்ஸைக் கொண்டுவந்து வைத்தார். வீடு விற்றுக் கொடுக்கும் தரகர்கள் இதைத்தான் விரும்பி வாங்குவார்களாம். கட்டடத்துக்கு ஹூஸ், நம் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு யெம் என்று இவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. நாம் இரண்டையும் வீடு என்றே சொல்லிப் பழகியவர்கள். திருத்திச் சொல்ல வெட்கப்பட்டு, நன்றி சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன்.

என்னிடம் இருந்தது புதிதாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள் வாங்கும் கேமரா. அதோடு வந்த சின்ன லென்ஸைத் தவிர வேறு லென்ஸ் கிடையாது. மீன் வெட்டும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், வெளிச்சமே இல்லாத நாட்களைச் சமாளிக்க ஏதாவது ஒரு பழக்கம் வேண்டும் என்று வாங்கியது. என் ஊரான கடலூர் வெயிலில் அது அழகாகவே படம் எடுத்தது. ஆனால் இங்குள்ள நூலகத்துக் கண்காட்சிக்கு என் ஊர்ப் படங்களைக் கேட்டு, அவற்றைச் சுவரளவுக்குப் பெரிதாக்கியபோது, துறைமுகத்தில் நிற்பவர்களின் முகங்கள் புள்ளி புள்ளியாக உடைந்து போயின. என் சித்தப்பாவை என்னாலேயே அடையாளம் காண முடியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேமராவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு எரிச்சல். மாற்றிவிட வேண்டும் என்று மனம் சொல்லும். எதற்கு இந்த ஆடம்பரம் என்று அதே மனம் தடுக்கும்.

போன டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதும் இந்த இழுபறி தீரவில்லை. சிதம்பரம் கீழ வீதிக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரஃபி, கல்லூரியில் என்னோடு படித்தவன். அவனிடம் உயர்ரகக் கேமரா ஒன்று, கை நீளத்துக்கு ஒரு லென்ஸோடு விற்பனைக்கு இருந்தது. ஒரு நாள் காலையில் அங்கே போய், கடை வாசலிலிருந்தபடியே கோபுரத்தின் உச்சியை அதில் பார்த்தேன். கலசத்தின் மேல் உட்கார்ந்திருந்த புறா இறகைக் கோதுவதுகூடத் தெரிந்தது.

"உன்னுதக் குடுத்துட்டு இத எடுத்துக்கடா. இன்னும் இன்னாத்த யோசிக்கிற?" என்றான் ரஃபி.

"நாளைக்குச் சொல்றேன்."

"மூணு வருசமா இதையேதான் சொல்ற."

அப்போதுதான் செல்வி போனில் கூப்பிட்டாள். செல்வி என் தங்கை. கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் அவள் வீடு. அவள் கணவர் ஏழுமலை மூன்று பேரோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போயிருந்தார். போகும்போது எந்தப் புயல் எச்சரிக்கையும் இல்லை. "அண்ணா, காத்து திடீர்னு ஜாஸ்தியாயிடுச்சி. எல்லா போட்டும் கரைக்கு வந்துடுச்சி, அவுங்க மட்டும் வர்ல. போனும் போவல" என்றாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரஃபி அந்தப் பெரிய கேமராவை என் கையில் திணித்தான். "எடுத்துட்டுப் போடா, காசப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றான். இந்த நேரத்தில் கேமராவா என்று அதை மேசையிலேயே வைத்துவிட்டு ஓடினேன். என் பழைய கேமரா மட்டும் பழக்கத்தில் தோளிலேயே கிடந்தது. பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது சாலையோரத் தென்னைகள் ஒரே பக்கமாக வளைந்து நின்றன. டிரைவர் வழக்கமான வேகத்தில்தான் ஓட்டினார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

முகத்துவாரத்தில் கருங்கல் கொட்டிய தடுப்பின் மேல் பாதி ஊரே நின்றது. செல்வி எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அடிவானத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு படகை அலை தூக்கித் தூக்கிப் போடுவது தெரிந்தது. ஆனால் அது யாருடையது என்று தெரியவில்லை. பையன்கள் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். செல்வி என் தோளைப் பார்த்தாள்.

"அண்ணா, அதுல எடுத்துப் பாரேன். நம்பர் தெரியுதான்னு பாரு."

எடுத்தேன். சாரல் லென்ஸில் படிய, சட்டையால் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி எடுத்தேன். திரையில் பெரிதாக்கினால் வெள்ளையாக ஒரு கறை, அதன் மேல் கறுப்பாகச் சில புள்ளிகள். எண் எழுதும் இடத்தில் கஞ்சியைக் கொட்டியது போல ஒரு கலங்கல். புறாவின் இறகு தெரிந்த அந்த லென்ஸை மேசையில் வைத்துவிட்டு வந்த என்னை நானே திட்டிக்கொண்டேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம போட்டுதான?" என்றாள் செல்வி.

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "தெரியல செல்வி. ஆளுங்க இருக்காங்க. அது மட்டுந்தான் தெரியுது" என்றேன்.

"ஆளுங்க இருக்காங்கல்ல" என்றாள். கேமராவை என்னிடமிருந்து வாங்கி, அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது அவுங்கதான், உக்காந்திருக்கிற சாடையப் பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினாள். படகு முகத்துவாரத்தை நெருங்க வெகு நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் கால் மாற்றக்கூட இல்லை.

நெருங்கியதும் எண் கண்ணுக்கே தெரிந்தது. அது எங்கள் படகு இல்லை, பக்கத்துக் குப்பத்துப் படகு. செல்வி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் தண்ணீர் வரை இறங்கி நின்ற ஒருவர், "யோவ், ஏழுமலை அதுலதான்யா இருக்கான்!" என்று கத்தினார். எங்கள் படகின் எஞ்சின் நின்று தண்ணீர் ஏறியிருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு, நான்கு பேரையும் அவர்கள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஏழுமலை கரையில் இறங்கி, என்னைப் பார்த்து, "நீ எப்ப மச்சான் இங்க வந்த?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் செல்வி அழுதாள்.

நல்ல கேமராவாக இருந்திருந்தால், சாரலில் முகங்கள் தெரியாவிட்டாலும், எனக்கு முதல் படத்திலேயே எண் தெரிந்திருக்கும். நான் அதை உரக்கப் படித்திருப்பேன். கல்லில் உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் அத்தனை நேரமும் சுமந்திருப்பாள். இதை ரஃபியிடம் சொன்னபோது, "அப்ப பழசே போதுங்கிறியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அன்று நடந்தது அதிர்ஷ்டம். இன்னொரு நாள் அதே கல்லில் நிற்க நேர்ந்தால், என்ன தெரிந்தாலும் சரி, எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பெரிய கேமராவை வாங்கிக்கொண்டேன். பழையதை மட்டும் அவனுக்குக் கொடுக்கவில்லை. "அத யாருக்கும் குடுத்துடாதண்ணா, எனக்கு வேணும்" என்று செல்வி கேட்டிருந்தாள்.

இப்போது ஏழுமலை கரைக்கு வரும்போதெல்லாம் அவள் அதில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறாள். படத்தின் மூலையில் நேரம் விழும். நார்வே நேரத்தை மாற்றிக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். துறைமுகத்தில் வெயில் கொளுத்தும் படத்தில் பெர்கனின் விடியாத நேரம் பதிந்திருக்கிறது. மாற்றிவிடு என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. என் மேசையில் இருக்கும் பெரிய கேமராவுக்கு ரஃபி சிதம்பரத்தில் நேரம் வைத்துக் கொடுத்தான். ஜன்னல் வழியாக இந்த ஊரின் இருண்ட காலையை அதில் எடுக்கிறேன். படத்தின் மூலையில் கடலூரின் மதியச் சாப்பாட்டு நேரம் விழுகிறது.