மகனின் இதயம் மெலிய வேண்டும்

திண்டுக்கல் கல்லூரியில் படிக்கும் என் மகன் நெடுந்தூர ஓட்டக்காரன். நான் பஸ்ஸைக்கூடத் துரத்தாதவன். போட்டிக்கு முன் அவன் நெஞ்சை ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "இதயச் சுவர் தடிச்சிருக்கு. ஓடி ஓடித் தடிச்சிருந்தா பயமில்ல. நோயா இருந்தா ஓடும்போதே உயிர் போயிடலாம்" என்றார். மூன்று மாதம் ஓடாமல் இருக்கச் சொன்னார். பயிற்சியால் தடித்த சுவர் என்றால் மெலிந்துவிடுமாம்.

அவன் மாடிப்படி ஏறினாலே, "ஏலே, மெதுவா!" என்று அலறினேன். இணையத்தில் படித்துப் படித்துப் பாதி டாக்டராகவும் முழுக் கோழையாகவும் ஆனேன். பிள்ளையின் இதயம் மெலிய வேண்டும் என்று என் மனைவி மாதாவிடம் மன்றாடினாள். மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

மறு ஸ்கேன் அன்று டாக்டரம்மா அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"டாக்டர், ஏதாவது..."

"செத்த நேரம் சும்மா இருங்க சார். அவனவிட உங்க நெஞ்சுதான் வேகமா அடிக்குது."

திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெலிஞ்சிருச்சு. நோயில்ல. தாராளமா ஓடலாம்."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். மகன் நெஞ்சில் பூசிய ஜெல்லைத் துடைத்தபடி, "அம்புட்டும் போச்சாப்பா?" என்றான்.

"அப்பு, நோயில்லைன்னு சொல்றாங்கடா!"

"அதாம்ப்பா. வருசக்கணக்கா ஓடிச் சேத்த பலம்."

சாவிலிருந்து தப்பியவனாகத்தான் அவனை நான் பார்த்தேன். அவனோ மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவனாகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.